பதினேழாவது பொருள், பார்வைக்கு

நகர்மன்றக் கூட்டத்தில் டீ எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதைப் பத்தொன்பது வருடமாக நான்தான் முடிவு செய்கிறேன். பதினொன்றரை மணிக்கு. அதற்கு முன்னால் கொடுத்தால் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அதற்குப் பின்னால் கொடுத்தால் பசியில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பதினொன்றரைக்குத் தட்டு உள்ளே நுழையும்போது நான் எழுந்து, “பொருள் ஆறு முதல் இருபத்துமூன்று வரை” என்று எண்களை மட்டும் படிப்பேன். தலைவர் டம்ளரை ஊதிக்கொண்டே “ஆல் பாஸ்” என்பார். ஒரு ஊரின் ஒரு மாதத்து வேலை டீயில் ஆடை படிவதற்குள் முடிந்துவிடும்.

நீங்கள் விசாரணை அதிகாரி. எங்கள் கூட்டத்தை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் மன்றப் பிரிவின் ஹெட்கிளார்க். மாதா மாதம் கூட்டத்துக்கு வரும் கோப்புகளை வாங்கி, எண் போட்டு, அச்சடித்து, மூன்று நாள் முன்னதாக உறுப்பினர்கள் வீட்டுக்கு அனுப்புவது என் வேலை. பொருள்கள் இரண்டு வகை. ‘முடிவுக்கு’ என்று போட்டால் தலைவர் வாய்விட்டுப் படித்து, பேச விட்டு, கை தூக்கச் சொல்ல வேண்டும். ‘பார்வைக்கு’ என்று போட்டால் எண்ணை மட்டும் படித்தால் போதும். எது எந்த வகை என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. அது எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், எனக்கும் தெரியும்.

உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, அவர்களில் பாதிப் பேர் நான் அனுப்பும் தாள்கட்டைப் பிரிப்பதே இல்லை. மருந்துக்கடைக்காரர் அதில் மாத்திரை மடித்துக் கொடுப்பார். என் மனைவிக்கே ஒரு முறை சாலை விரிவாக்கத் தீர்மானத்தில் தலைவலி மாத்திரை வந்தது. லாரிக்காரர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கூடியவர், நான் பார்த்த ஒரே திறமைசாலி. ஒன்பதாம் வார்டுக்காரர் தலைவர் தும்மினாலும் “ஆமோதிக்கிறேன்” என்பார். தலைவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. அவர் நல்ல மனிதர், படிப்பதுதான் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது. ‘பார்வைக்கு’ பகுதியில், தெருவிளக்குப் பராமரிப்புக்கும் சாக்கடைத் தூர்வாரலுக்கும் நடுவே ஒரு பொருளைச் செருகினேன்: மயானத்தில் நிரந்தரமாகத் தங்கியிருப்போரின் குறைகளைக் கேட்க மாதம் ஒரு முறை முகாம் நடத்துவது. ஆல் பாஸ். ஒன்பதாம் வார்டுக்காரர் ஆமோதித்தார். அடுத்த மாதம் பூங்காச் சிலைக்கு மருத்துவ விடுப்பு. அதுவும் ஆல் பாஸ். தீர்மானங்களைப் படியெடுத்து எழுதும்போது இவற்றை நீக்கிவிடுவேன், பதிவேடு சுத்தமாக இருக்கும். ஆனால் வீட்டில் ஒரு தனி நோட்டில் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டேன். நூற்று இருபத்தெட்டுக் கூட்டம். ஒருவர்கூட ஒரு வரியைக்கூடப் படித்ததற்கு அடையாளம் இல்லை.

அந்த நோட்டை ஒரு நாள் என் மனைவி பார்த்துவிட்டாள். “இதை வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறீங்க?” என்று கேட்டாள். நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன். ஓய்வு பெறும் நாளில் மேடையில் நின்று அதை ஒவ்வொரு வரியாக, சிரிக்காமல் படிக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது. எனக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

இனி தொட்டிக்கு வருகிறேன்.

பழைய மேல்நிலைத் தொட்டியின் அறிக்கை கோடைக் கடைசியில் என் மேஜைக்கு வந்தது. எழுதியவர் இளம் பொறியாளர், ஒரு பெண். ஐந்து பக்கம். தூண்களில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது, கிழக்குத் தூணில் விரல் நுழையும் அளவு விரிசல், தொட்டியைக் காலி செய்ய வேண்டும், அடியில் உள்ள குடியிருப்பில் யாரும் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். தெளிவான எழுத்து. எங்கள் அலுவலகத்தில் இப்படி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு, நான் இரண்டு முறை படித்தேன். அது ‘முடிவுக்கு’ வைக்க வேண்டிய பொருள். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நான் அதைப் ‘பார்வைக்கு’ வைத்தேன்.

அவசரப்பட்டு என்னைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். சிலைக்கு விடுப்பு கொடுத்ததைப் படித்துக் காட்டினால், தமாஷ் என்று சொல்லி அவர்களும் சேர்ந்து சிரித்துவிடுவார்கள். தோளில் தட்டுவார்கள். இந்த அறிக்கையை ஆல் பாஸ் செய்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பதினோரு வருடமாக எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை ஊர் முழுக்கத் தெரிந்துகொள்ள அது ஒரு வாய்ப்பு. ஐந்து பக்கத்தையும் ஒரு எழுத்து குறைக்காமல் அச்சடித்து இருபத்திரண்டு வீட்டுக்கும் அனுப்பினேன். பதினொன்றரைக்கு டீ வந்தது. ஆல் பாஸ்.

கோப்பில் ‘மன்றம் பார்வையிட்டது’ என்று முத்திரை வைத்தேன். அந்தப் பெண் பொறியாளர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அடுத்து வந்தவர் கோப்பைத் திறந்தார், முத்திரையைப் பார்த்தார், மூடினார். முத்திரை இருந்தால் முடிந்தது என்று அர்த்தம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் மூளையைத் தொந்தரவு செய்யப் பிடிக்காது.

தொட்டிக்கு அடியில் ஓர் அறையும் சமையல் இடமும் கொண்ட குடியிருப்பு. அதில் வால்வு திறக்கும் ஊழியரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அலுவலகத்தில் அவரைத் தொட்டிக்காரர் என்போம். மனைவிக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து நான்கு வருடம் ஆகிறது. தொட்டிக்காரர் முதல் மழைக்குப் பிறகு என் மேஜைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காரைத் துண்டை எடுத்து என் கோப்புகள் மேல் வைத்தார்.

“ராத்திரி கட்டில் மேல விழுந்துச்சு சார். நான்னா ஓடிருவேன். அவ எப்படி ஓடுவா? வேற ஒரு ரூம் மட்டும் குடுங்க, சின்னதா இருந்தாலும் போதும்.”

அறிக்கை மன்றத்தில் இருக்கிறது, நினைவூட்டி ஒரு மனு கொடுங்கள், திரும்பவும் வைக்கிறேன் என்றேன். கொடுத்தார். வைத்தேன். மறுபடி ஆல் பாஸ். அந்த முறை அறிக்கையை முதல் பொருளுக்கு அடுத்தே வைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்படிச் செய்தால் உறுப்பினர்களுக்குச் சலுகை காட்டியதாக ஆகிவிடும். காரைத் துண்டைத் தாள் பறக்காமல் இருக்க மேஜையிலேயே வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் அவர் மறுபடி வந்தார். மச்சினன் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, மனைவியை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். இதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் செய்கிற மனிதர் அவர். அவர் காலி செய்துவிட்டால் அறிக்கைக்கு இருந்த கனம் போய்விடும். ஆளில்லாத தொட்டியைப் பற்றி யார் படிக்காவிட்டால் என்ன? அது வெறும் சிமெண்ட்.

“உத்தரவு இல்லாம குவார்ட்டர்ஸைக் காலி பண்ணா மெமோ குடுப்பாங்க. இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ், கெடுத்துக்காதீங்க. மன்றம் முடிவு பண்ணட்டும்” என்றேன்.

அவர் சரி சார் என்றார். என் பேச்சை யாரும் இவ்வளவு மரியாதையோடு கேட்டதில்லை.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு சிக்கல். இடைத்தேர்தலில் ஜெயித்து ஏழாம் வார்டுக்குப் புதிதாக ஒரு அம்மா வந்திருந்தார். தையல்கடை வைத்திருப்பவர். முதல் கூட்டத்துக்கே ஊசி கோக்கப் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஓரங்களில் சாக்பீஸ் பொடி. அதாவது வெட்டு மேஜையில் வைத்துப் படித்திருக்கிறார். நான் எண்களைப் படித்து முடித்தேன், தலைவர் டம்ளரை வாயருகே கொண்டுபோனார். அந்த அம்மா எழுந்தார்.

“சார், பதினேழுல விரல் நுழையற விரிசல்னு போட்டிருக்கே. அது எப்படிப் பார்வைக்கு வரும்?”

லாரிக்காரர் விழித்துக்கொண்டார். தலைவர் பதினேழு என்றால் என்ன என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக இருபத்தொரு பேரும் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார்கள். நான் அப்போது பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், மற்றது தானாக நடந்திருக்கும்.

எனக்கு வந்தது கோபம்தான். இன்றைக்கு வந்த ஒருத்தி, ஒரே ஒரு கேள்வியில், நூற்று முப்பது கூட்டத்துக் கணிப்பைப் பொய்யாக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. அவர்கள் எல்லோரும் அவள் புண்ணியத்தில் தப்பித்துவிடுவார்கள். மன்றம் விழிப்போடு செயல்பட்டது என்று அடுத்த நாள் பேப்பரில் வரும். லாரிக்காரருக்குக்கூட அதில் பங்கு கிடைக்கும்.

விதிப் புத்தகத்தை எடுத்தேன். பார்வைக்கு வைத்த பொருளில் கேள்வி கேட்க மூன்று நாள் முன்னதாக எழுத்தில் தர வேண்டும் என்று இருக்கிறது, முப்பத்தெட்டாம் பக்கம். உயிருக்கு ஆபத்தான எதையும் தலைவர் அந்த நிமிடமே அவசரப் பொருளாக எடுக்கலாம் என்றும் இருக்கிறது, முப்பத்தொன்பதாம் பக்கம். புத்தகத்தைப் பின்புறமாக மடித்து, முப்பத்தெட்டு மட்டும் தெரியும்படி தலைவரிடம் நீட்டினேன்.

“விதி அப்படித்தான் சொல்லுதும்மா” என்றார் தலைவர், நிம்மதியாக. “எழுதிக் குடுங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

மறுநாள் காலை பத்து மணிக்கே அந்த அம்மா கடிதத்தோடு வந்தார். கையெழுத்து அவர் தையல் மாதிரியே நெருக்கமாக இருந்தது. வாங்கி, எண் போட்டு, ஒப்புகைச் சீட்டுக் கொடுத்தேன். கடிதத்தைத் தலைவருக்கு அனுப்பவில்லை. அடுத்த கூட்டத்தின் பட்டியலில் ‘உறுப்பினர் கடிதம், பார்வைக்கு’ என்று சேர்த்தேன். இருபதாவது பொருள்.

அந்தக் கூட்டத்துக்கு ஆறு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குத் தொட்டி இடிந்து இறங்கியது. சத்தம் எங்கள் அலுவலகம் வரை கேட்டது. தொட்டிக்காரர் அப்போது மூன்று தெரு தள்ளி வால்வு திறந்துகொண்டிருந்தார். அவர் மனைவி கட்டிலில் இருந்தார். தண்ணீர் பிடிக்க வந்திருந்த இரண்டு பெண்களும் அடியில் இருந்தார்கள். அவர்களை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நீங்கள் கேட்டால், தெரியவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

பத்தாம் நாள் தொட்டிக்காரர் அலுவலகம் வந்தார். நான் கொஞ்சம் பயந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் என் மேஜை முன்னால் கைகட்டி நின்றார்.

“இந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான் சார் எங்க பேப்பரை மூணு தடவை மன்றத்துல வச்சீங்க. அவகிட்ட சொல்லிட்டே இருப்பேன். சார் பாத்துக்குவார்னு.”

நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர் போன பிறகு அன்று பாக்கி வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தத் தனி நோட்டை எடுத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நோட்டு உங்களிடம் வந்தது அப்படித்தான் என்று யூகிக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. மேடையில் படிக்க வேண்டியதை நீங்கள் இந்த அறையில் படித்துவிட்டீர்கள்.

தட்டச்சு செய்த வாக்குமூலத்தைப் பார்த்தேன். உங்கள் ஆட்களும் பரவாயில்லை, பிழை குறைவு. ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில் நான் அறிக்கையை ‘மறைத்தேன்’ என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். கொன்றேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மறைக்கவில்லை. மூன்று முறை அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்தேன். தலைவர் அதைத் திறக்கவில்லை என்று அவரே உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தையல்கார அம்மாகூட இரண்டாம் பக்கம் வரைதான் படித்தாராம், அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டதாம். குடியிருப்பில் நடமாட முடியாத ஒரு பெண் இருக்கிறார், முதலில் அவரை அப்புறப்படுத்துங்கள் என்பது ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரி. இந்த நகராட்சி முழுக்கத் தேடினாலும் அந்த வரி வரைக்கும் பொறுப்போடு படித்தவன் நான் ஒருவன்தான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், என் பக்கத்து நியாயமாக.