எண்ணெய்க்காரர் வீட்டு ஏசி

சொல்றேன் தம்பி, சொல்லாம எங்க ஓடிடப் போறேன். முதல்ல அந்த டார்ச்ச அணைங்க. கீழறையில இவ்வளவு நேரம் குனிஞ்சே நின்னிருக்கீங்க, இடுப்பு என்னத்துக்காகும்? இப்படி உட்காருங்க. மடவாஸ்கா ஊருலேர்ந்து வர்றவருக்கு ப்ளோய்னா என்னன்னு நான் சொல்லணுமா, மாவு கரைச்சுக் கல்லுல ஊத்துற நம்ம அப்பந்தானே? சூடா இருக்கு, எடுத்துக்கங்க. வெல்லப்பாகு அந்தக் குப்பியில.

ஆமா, அக்டோபர்ல மானிய ஆபீஸுக்காக நீங்க எடுத்த படத்துல டாங்கி நிறைய எண்ணெய் இருந்துச்சு. இப்ப முள்ளு கால்வாசியில நிக்குது. இல்லேன்னு சொன்னேனா? குளிர்காலம் பூரா கரண்டுல ஓடுற ஹீட் பம்ப்லதான் வீட்டச் சூடாக்கணும், கீழறை ஃபர்னஸ்ல எண்ணெய எரிச்சா மானியம் கிடையாது, குடுத்ததையும் திருப்பிக் கேப்பீங்க. எட்டாவதோட நின்னவதான் நானு, ஆனா அந்த ஃபாரத்த விரல் வச்சு மூணு தடவ படிச்சிருக்கேன்.

ஒரு சொட்டு எரிக்கல தம்பி. புகைபோக்கிக்குக் கீழ சின்னக் கதவு இருக்குல்ல, திறந்து பாருங்க. சிலந்தி வலை பின்னி வச்சிருக்கு. எரிஞ்சிருந்தா அது வெந்து போயிருக்காதா? என்னது, சிலந்திக்கு ஃபாரத்துல கட்டம் இல்லயா? அது சரி.

ஒழுகலா? ஐயையோ, அந்த வார்த்தைய மட்டும் எழுதிடாதீங்க. அப்புறம் மண்ண நோண்டிப் பாக்க இன்னொரு ஆபீஸ்லேர்ந்து ஆளு வரும்.

எங்க வீட்டுக்காரரு நார்மண்ட் என்ன வேலை பாக்குறாருன்னு தெரியுமா? வீடு வீடா ஃபர்னஸுக்கு எண்ணெய் ஊத்துற லாரி ஓட்டுறாரு. இருபத்தாறு வருஷமா. அவரு வீட்டுலயே நான் ஹீட் பம்ப் மாட்டிட்டேன். சிரிக்காதீங்க, ப்ளோய் தொண்டையில சிக்கும். எனக்கு அந்த எண்ணெய் வாடை ஆகாது, தலைய வலிக்கும். டாங்கி துருப்பிடிச்சுப் பொத்துக்கிட்டா என்ன பண்றதுன்னு வேற கவலை. சர்ச்சுல பீன்ஸ் விருந்தப்போ பக்கத்துல உட்கார்ந்தவ சொன்னா, பெரும்பகுதி மானியமா வருது, மிச்சத்துக்கு வரியில கழிவு உண்டுன்னு. இவருகிட்ட ஏசின்னு சொல்லிட்டேன். பொய்யில்லையே, அதே மெஷின் கோடையில குளுருதுல்ல.

அக்டோபர்லயே ஃபர்னஸ அணைச்சேன். ஆனா அது உறுமுற சத்தம் கேக்கலேன்னா கண்டுபிடிச்சிருவாரே. அதனால அவரு வீட்டுல இருக்குறப்பல்லாம் துணி உலர்த்துற மெஷின வெறுமனே ஓட விட்டேன். ஒரு நாள் கேட்டாரு, என்னடி, இந்த வீட்டுல இருக்கிறது ரெண்டு பேரு, ஊருத் துணியெல்லாம் நீதான் துவைக்கிறியான்னு. போர்வைன்னேன்.

நவம்பர்ல பாத்தா டாங்கி முள்ளு இறங்குது. அணைச்சுப் போட்ட ஃபர்னஸ் எப்படிக் குடிக்கும்? அப்புறம்தான் கவனிச்சேன், இவரு அஞ்சு மணிக்கே எழுந்து வெளிய போறாரு. வேலை ஆறரைக்குத்தான். எனக்குப் புத்தி வேற எங்க போகும்? ஐம்பத்தெட்டு வயசுல இந்த மனுஷனுக்கு எவ கிடைச்சான்னு ஒரு வாரம் யோசிச்சேன். ஒரு நாள் பூட்ஸ மாட்டிட்டுப் பின்னாலயே போயிட்டேன். பிள்ளைங்க பனியில இழுத்து விளையாடுற பிளாஸ்டிக் வண்டி இருக்கே, அதோட தடம் எங்க கீழறை வாசல்லேர்ந்து நேரா ஒனசீம் வீட்டுச் சுவருக்குப் போகுது.

ஒனசீம் அடுத்த வீட்டுக் கிழவன். யாரு பனிய யாரு வாசல்ல தள்ளினதுன்னு சண்டை, அவனும் இவரும் பேசிப் பத்தொம்பது வருஷம் ஆச்சு. பொண்டாட்டி செத்ததுலேர்ந்து அந்தாளு கோட்டோட தூங்குறான். எண்ணெய் வாங்க வசதி கிடையாது, சர்ச்சுல குடுத்தாக்கூட வாங்க மாட்டான், அவ்வளவு வீம்பு. அவன் வீட்டு எண்ணெய்க் குழாயில எங்க வீட்டுக்காரரு கேன்ல ஊத்திட்டு நிக்கிறாரு. அத்தனையும் எங்க டாங்கியிலேர்ந்து பிடிச்ச எண்ணெய்.

வேடிக்கையக் கேளுங்க. அந்த ஒனசீம் கடையில உட்கார்ந்து பீத்திக்கிறான், என் ஃபர்னஸ நானே திருகிச் சரி பண்ணேன், எண்ணெயே குடிக்க மாட்டேங்குது, ஹீட் பம்ப் வாங்குனவனெல்லாம் முட்டாப்பயன்னு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இருபத்தாறு வருஷம் ஃபர்னஸோட புழங்குன ஆளுக்கு உலர்த்துற மெஷின் சத்தம் தெரியாதா? முதல் நாளே தெரிஞ்சிருக்கு. ஆனா எண்ணெய்க்காரன் வீட்டுலயே எண்ணெய் செலவாகலேன்னா ரோடே சிரிக்கும். நிறைஞ்சு கிடக்குற டாங்கியில முறைப்படி லாரியிலேர்ந்து ஊத்தணும்னா முதல்ல உள்ளத இறைச்சாகணும், இறைச்சத ஒனசீம் வீட்டுல கொட்டாம எங்க கொட்டுறது? போன வாரம் வரிக் காகிதத்த நீட்டினேன், ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்து போடுறது. ஹீட் பம்ப்னு அதுல எழுதியிருக்கு. ஓட்ஸ் டப்பாவோட முதுகக்கூட விடாம படிக்கிற மனுஷன், கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சுட்டு, எங்க போடணும்னு மட்டும் கேட்டாரு.

நான் எதுக்குக் கேக்கணும்? கேட்டா நிறுத்திடுவாரு. அந்த வீம்புக்காரன் விறைச்சுப் போவான். அதான் இன்னும் மெஷின வெறுமனே ஓட்டிட்டிருக்கேன்.

எங்க எழுந்திரிக்கிறீங்க? இன்னொரு ப்ளோய் கல்லுல கிடக்கு, உட்காருங்க. கேக்குதா? எங்க வீட்டுக்காரரு லாரிய ரிவர்ஸ்ல கொண்டு வர்ற சத்தம். ஆறு வாரத்துக்கு ஒரு செவ்வாக்கிழமை எங்க வீட்டு முறை. இல்லேன்னா உங்களப் பிடிச்சு வச்சு என் வீட்டுக் கதையெல்லாம் ஏன் சொல்றேன்? பத்து நிமிஷத்துல முள்ளு அக்டோபர்ல நின்ன இடத்துக்கே போயிடும். அப்புறம் கீழ போயி உங்க படத்த எடுத்துக்கங்க. சிலந்தியையும் ஒண்ணு எடுத்துக்கங்க, மனசாட்சிக்கு ஆகும்.

அவரு உள்ள வந்து நீங்க யாருன்னு கேப்பாரு. ஏசி பாக்க வந்தேன்னு சொல்லுங்க. கையத் தேய்ச்சுக்கிட்டே, வீடு எவ்வளவு கதகதன்னு இருக்கு பாத்தீங்களா, நம்ம எண்ணெய் அப்படிம்பாரு. ஆமான்னு சொல்லிடுங்க தம்பி. நான் அஞ்சு மாசமா அதத்தான் சொல்லிட்டிருக்கேன்.