விட்ட இடத்திலிருந்து

— நான் நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே இல்ல. இது என்னடான்னா நாப்பது அடி நடந்துட்டேன்னு கை தட்டுது. கை தட்டறதுக்கு எதுக்கு போன்? ரெண்டு கட்சித் தொண்டன் போதுமே.

— கைய ஆட்டி ஆட்டிப் பேசறீங்கல்லப்பா, அதை நடைன்னு எடுத்துக்குது. வேணாம்னா விடுங்க, அழிச்சுடறேன்.

— அழி. பிரமாதம். வாங்கிட்டு வந்து இன்னும் உறைகூட குப்பைக்குப் போகல, அதுக்குள்ள மூணு ஆப் காலி. முட்டை வேக வைக்கச் சொல்லித் தர்றதுக்கு ஒண்ணு. தண்ணி குடி, தண்ணி குடின்னு நச்சரிக்க ஒண்ணு. நச்சரிக்க வீட்டுல ஆள் இல்லாமப் போச்சேன்னு பார்த்து வாங்கினியா?

— ஆமாம்ப்பா, அதுக்குத்தான் வாங்கினேன். இதுல மூடி மறைக்க என்ன இருக்கு. அஞ்சு மணிக்கு அம்மா வர்றாங்க, மாமா வண்டி எடுத்துக்கிட்டு கூட வர்றார். இருக்க வர்றாங்களா, இல்ல தையல் மெஷினைத் தூக்கிட்டுப் போக வர்றாங்களான்னு அவங்களுக்கே தெரியல. மெஷின் போயிடுச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் இந்த வீட்டுல நீங்களும் இந்த போனும்தான்.

— நாலு மாசம் அண்ணன் வீட்டுச் சோறு தின்னாச்சு, வரட்டும். நான் என்ன பண்ணணும்ங்கற? வாசல்ல கைகட்டி நிக்கணுமா?

— ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். ஒண்ணே ஒண்ணு. நேத்து என்கிட்ட சொன்னாங்க, மன்னிப்பெல்லாம் வேணாம், என்னையும் ஒரு மனுஷியா நினைச்சு ஒரு வார்த்தை பேசினாப் போதும், பையோட வந்துடறேன்னு.

— என்ன வார்த்தை? ஜன்னல் திரை நல்லா தைக்கறேன்னா?

— பாத்தீங்களா, இதுதான். அன்னிக்கு உங்க பத்திரிகை ஆபீஸ் ஆளுங்க வந்திருந்தப்ப, அம்மா ஏதோ ஒரு புத்தகத்தைப் பத்திச் சொல்ல வாயெடுத்தாங்க. நீங்க என்ன சொன்னீங்க? 'நீ காபில சக்கரை போட்டியா பாரு, இலக்கியத்தை நாங்க பாத்துக்கறோம்'னீங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அம்மா உள்ள போய்ப் பையை எடுத்தது அப்பத்தான்.

— சும்மா வேடிக்கைக்குச் சொன்னது அம்மாடி. வாராவாரம் புத்தக விமர்சனம் எழுதறவன் நான். எழுத்தாளனையே நார் நாராக் கிழிக்கறேன், அவன் மறுநாள் போன் பண்ணி நன்றி சொல்றான். உங்கம்மாவுக்கு மட்டும் ரோஷம் பொத்துக்கிட்டு வருது.

— எழுத்தாளர் உங்ககூடக் குடித்தனம் பண்ணலையேப்பா.

— சரி, சரி. அடுத்த கண்றாவி என்ன, காட்டு.

— செடி ஆப். இலை மேல பிடிச்சா என்ன செடி, அதுக்கு என்ன குறைன்னு சொல்லும். பால்கனில அம்மா வெச்ச தொட்டி இருக்கே, அதுல பிடிங்க.

— பிடிச்சாச்சு. யோசிக்குது. சுத்துது. அடடா, 'இது செடியாகத் தெரியவில்லை, வேறு படம் எடுக்கவும்'ங்குது. என்ன அறிவு, என்ன அறிவு.

— காஞ்சு கருவாடா நிக்குதுப்பா. நாலு மாசமா ஒரு டம்ளர் தண்ணிகூட ஊத்தலையா நீங்க?

— யாரும் சொல்லல.

— செடி வாயத் திறந்து கேக்குமா? விடுங்க. இது உங்களுக்குன்னே போட்டது, படிக்கற ஆப். எழுத்தைப் பெருசாக்கலாம். கண்ணு வலிச்சா அதுவே வாசிச்சும் காட்டும். இந்தாங்க, கேளுங்க.

— கேட்டேன், கேட்டேன். கொலையையும் கல்யாணத்தையும் ஒரே ராகத்துல வாசிக்குது, ரயில் தாமதமா வரும்னு சொல்ற மாதிரி. நிறுத்து, புண்ணியமாப் போகும்.

— நிறுத்திட்டேன். கண்ணாலயே படிங்க. வரி மேல விரலை அழுத்துங்க, அடிக்கோடு விழும். இந்த மைக்கைத் தொட்டுட்டுப் பேசினா, சொல்றது அந்த வரிக்குப் பக்கத்துல குறிப்பா ஏறும். முடிச்சதும் மறுபடி தொட்டு அணைச்சுடணும். நான் போய் அந்தப் பாத்திரத்தையெல்லாம் கழுவறேன். அம்மா இந்தச் சமையலறையைப் பாத்தா வாசலோட திரும்பிடுவாங்க.

— ஏய், இதுல ஏற்கெனவே புத்தகம் கிடக்கு. 'விட்ட இடத்திலிருந்து தொடரவும்'ங்குது. நான் எங்க விட்டேன்? இப்பத்தானே தொட்டேன்.

— போனோட சும்மா குடுத்திருப்பான். தொட்டுப் பாருங்க.

— அட, இது அந்தப் படகுத்துறை நாவல். டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறவ கதை. போன மாசம்தான் இதை வெளுத்து வாங்கினேன். 'அழுமூஞ்சி இலக்கியம்'னு தலைப்பே வெச்சேன்.

— சத்தமாப் பேசுங்கப்பா, குழாய்ச் சத்தத்துல பாதி கேக்கல.

— பக்கத்துக்குப் பக்கம் எவளோ குறிப்பு எழுதித் தள்ளியிருக்காங்கறேன். பேச்சே பொம்பளைப் பேச்சு. படிக்கறவங்கல்லாம் பொதுவுல எழுதற சுவர் போல இருக்கு. கூத்தைக் கேளு. 'இவ ஜன்னலைத் திறந்தா காத்து வரல, ஆளுங்கதான் வர்றாங்க.' பெரிய கண்டுபிடிப்பு. இரு, மைக்கைத் தொடறேன். 'அம்மணி, அது டிக்கெட் ஜன்னல். ஆள்தான் வரும்.' அணைச்சாச்சு. அட, ஒரு எழுத்துப் பிசகாம ஏறிடுச்சு. இது ஒண்ணுதான் இதுல உருப்படி.

— முன்னப்பின்ன தெரியாதவங்களை ஏம்ப்பா வம்புக்கு இழுக்கறீங்க? அவங்களும் காசு குடுத்துத்தானே படிக்கறாங்க.

— காசு குடுத்தா ரசனை வந்துடுமா? இதைக் கேளு. 'இந்த அத்தியாயத்துல இவ ஒரு தடவைகூட உக்காரல. வீட்டுலயும் இல்ல, வேலையிலயும் இல்ல.' நாவல் படிக்கச் சொன்னா நாற்காலி எண்ணிக்கிட்டிருக்கா. போடறேன் பதில். 'நாற்காலி வேண்டுமானால் கடைக்குப் போகவும்.'

— போதும்ப்பா.

— இரு... திருப்பிப் பார்க்கறேன்... உண்மையாத்தான் இருக்கு. ஆரம்பத்துலேர்ந்து முடியற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருக்கா. நான் பார்க்கலையே இதை.

— என்னப்பா, அடுத்து யாரைக் கிழிக்கப் போறீங்க?

— இங்க ஒண்ணு எழுதியிருக்கா. அந்தப் புருஷன்காரன் 'உனக்கென்ன தெரியும்'னு கேட்டுட்டு எழுந்து போற இடம். அதுக்கு இவ சொல்றா, 'பதிலுக்கு நிக்காமப் போறான். அவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சிருந்தா நின்னிருப்பான். தெரிஞ்சிருக்குமோன்னு பயந்துதான் போறான்.'

— நல்லாத்தானே எழுதியிருக்காங்க.

— நல்லா என்ன நல்லா, பிரமாதம். நிஜமாவே சொல்றேன், பிரமாதம். என் விமர்சனத்துல அவனை இந்த நாவல்லயே அறிவுள்ள ஒரே ஆள்னு எழுதிட்டேன். பயந்தாங்கொள்ளிப் பய. இத்தனை வருஷம் படிச்ச கண்ணுக்கு இது படல பாரு.

— உங்களுக்கா படல? நாள்காட்டில குறிச்சு வெச்சுக்கறேன்.

— கிண்டல் அப்புறம் பண்ணு. இவளுக்கு மரியாதையா எழுதணும். மைக். 'அம்மணி, தாங்கள் யாரென்று தெரியாது. ஆயுள் முழுக்கப் புத்தகத்தோடு கிடந்தவன் சொல்கிறேன், உங்களைப் போல் வாசிப்பவரை நான் கண்டதில்லை. என் விமர்சனம் தவறு. ஒரு நாள் எதிரே உட்கார்ந்து உங்களோடு பேசக் கிடைத்தால் அது என் பாக்கியம்.'

— அடேங்கப்பா. பாக்கியமா? அதுல கால்வாசியை அஞ்சு மணிக்கு அம்மாகிட்டச் சொல்லுங்களேன், சத்தியமா இருந்துடுவாங்க.

— உங்கம்மாகிட்டயா? இவளுக்கு இருக்கற மூளைல பாதி உங்கம்மாவுக்கு இருந்திருந்தா நான் ஏன் அவகிட்ட வாயத் திறக்காமக் காலத்தை ஓட்டியிருப்பேன்? அவகூட உக்காந்து என்ன பேசறது, நூல்கண்டைப் பத்தியா? மெஷினைத் தூக்கிட்டுப் போறதுன்னா தாராளமாப் போகட்டும். எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

— வாயிலேர்ந்து நல்லதே வராதா உங்களுக்கு? கொண்டாங்க அந்த போனை... அப்பா, மைக் ஏன் இன்னும் சிவப்பா எரியுது? அணைக்கலையா நீங்க?

— மறந்துட்டேன். அதனால என்ன?

— பேசினது அத்தனையும் ஏறியிருக்கு. நான் சொன்னதுகூட. நூல்கண்டு, நஷ்டம், எல்லாம்.

— ஏறினா ஏறட்டும். யாரோ ஊர் பேர் தெரியாத வாசகி, அவளுக்கு உங்கம்மாவைத் தெரியவா போகுது?

— இருங்க. இது பொதுச் சுவரெல்லாம் இல்லப்பா. இந்தக் கணக்கு யாருதோ அவங்க குறிப்பு மட்டும்தான் இதுல தெரியும். மேல பேரைப் பாருங்க... ஐயோ. போன மாசம் அம்மாவுக்கு போன் வாங்கினப்ப நான்தான் கணக்கு திறந்து குடுத்தேன். கடைல அவசரத்துல உங்களுக்கும் அதையே போட்டுத் தொலைச்சிருக்கேன்.

— என்ன உளர்ற?

— ரெண்டு போனுக்கும் ஒரே கணக்குப்பா. புத்தகம் அம்மா வாங்கினது. விட்ட இடம் அம்மா விட்ட இடம். குறிப்பு எழுதினது அம்மா. அவங்க இப்படிப் படிப்பாங்கன்னு எனக்கே தெரியாது. நானும் கேட்டதே இல்ல.

— அழி. முதல்ல அந்தக் கடைசிக் குறிப்பை அழி. வண்டில வந்துக்கிட்டிருப்பா, பார்த்திருக்க மாட்டா.

— பார்த்துட்டாங்க. நீங்க பேசினதுக்குக் கீழ எழுத்து வருது.

— என்ன எழுதறா? எனக்கு இந்த வெளிச்சத்துல தெரியல. நீயே படி. விடாமப் படி.

— 'ரொம்ப நன்றி. உங்ககிட்டேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வாங்க நான் யாரோவா இருக்க வேண்டியிருக்கு. யாரோவாவே இருந்துடறேன். வண்டியைத் திருப்பச் சொல்லிட்டேன்.'