கரையை மிதித்த பெண்கள்

சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போகும் சாயங்கால பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் கணுக்காலைப் பிடித்துவிட்டபடி சொன்னாள்.

“நேத்துப் பூரா ஒரு அணையை மிதிச்சேன்க்கா.”

“அணையை மிதிச்சியா? என்னடி சொல்ற?”

“எங்க ஊரு முதலாளி தோட்டத்துல மண் அணை இருக்குல்ல, அதுல இருந்துதான் ஊருக்கே குடிதண்ணி. முந்தாநாள் மழையில கரைக்குக் கீழ கலங்கலாக் கசிஞ்சிருச்சு. உடைஞ்சா வீடெல்லாம் போயிரும், நாமளே கரையை வெட்டித் தண்ணியை வெளியேத்திருவோம்னு முதலாளி ஆள் கூட்டியாந்துட்டாரு.”

“அப்பக் கோடைக்குத் தண்ணிக்கு என்ன செய்ய?”

“அதான்க்கா. ‘ஒரு பொழுது பொறுங்க முதலாளி’ன்னு பொம்பளைக அம்புட்டுப் பேரும் தண்ணிக்குள்ள இறங்கிட்டோம். தடவிப் பாத்ததுல என் கைதான் ஓட்டையில போச்சு. நண்டு வளை. முழங்கை வரைக்கும் உள்ள இழுக்குது, பயந்தே போனேன். வைக்கோலும் களிமண்ணும் திணிச்சு, மண்ணைக் கொட்டி மிதிச்சோம்.”

“முதலாளி?”

“மொதல்ல மேல நின்னு ஏசுனாரு. பெறகு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு அவரும் வந்து மிதிச்சாரு.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “கசிவு நின்னுச்சா?”

“முழுசா நிக்கல. ஆனா காலையில பாத்தேன், தெளிஞ்ச தண்ணியா வருது. மண்ணு கரையலைன்னு அர்த்தம். வெட்ட வந்த ஆளுகளை முதலாளி திருப்பி அனுப்பிட்டாரு.”

“நல்லவேளை.”

“எப்பவும் ‘என் அணை’ம்பாருக்கா. இன்னைக்கு, ‘வாரம் ஒருக்கா வந்து நம்ம கரையைப் பாத்துக்கோங்க’ன்னாரு.”