அட்டையின் மூன்றாவது வரி

பெயர் மாரிசெல்வி. கணவர் பெயர் தளவாய். வயது நாற்பத்தொன்று. தொழில் கார் மெக்கானிக், சொந்த கேரேஜ். கேரேஜ் தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது. வீடு அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி.

எனக்கு இந்தி நன்றாகத் தெரியும். ஆனால் இந்த வம்பே தமிழில் எழுதியதால் வந்தது என்பதால் வாக்குமூலத்தையும் தமிழிலேயே தர அனுமதி கேட்டேன். தமிழ் எழுதத் தெரிந்த ஹவல்தார் ஜெயராம் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

புகார் கொடுத்த பாகீரதி அம்மாளை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். வயது அறுபத்தாறு, மாட்டுங்காவில் குடியிருப்பு, ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இருப்பது 1968-ஆம் வருடத்து இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், மேல்கூரையை மடக்கிவிடலாம், பச்சை நிறம். அவர் கணவர் இருந்தவரை அவரே ஓட்டினார், இந்த அம்மாள் முப்பது வருடம் பக்கத்து சீட்டில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்த பிறகு டிரைவிங் கற்று, போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலுள்ள தங்கை வீட்டுக்குத் தானே ஓட்டிப் போக வேண்டும் என்று, ஆயில் மாற்ற வண்டியை என்னிடம் விட்டார்.

ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை நான் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினேன், சூடானால்தான் அழுக்கு ஆயிலோடு சேர்ந்து இறங்கும். அதன் பிறகு அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, கீழே டிரே வைத்தேன். இந்தக் காலத்து வண்டிக்கு அரை மணி நேரம் தாராளம். இந்தப் பழைய எஞ்சினின் அடியில் மண்டி தங்கும் என்பதால் மறுநாள் காலை வரை சொட்ட விடுவது என் வழக்கம். அன்று மாலையே பழைய பில்டரையும் எடுத்துவிட்டு, போல்ட்டையும் சாவியையும் என் பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்டீயரிங்கில் எச்சரிக்கை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டேன். முன்பெல்லாம் இந்தியில் எழுதுவேன். "நம்ம வண்டிக்குத் தமிழ்லயே எழுதேன்டி" என்று பாகீரதி அம்மாள் ஒருமுறை சொன்னதிலிருந்து அவர் வண்டிக்கு மட்டும் தமிழ். புது பில்டர் வந்த டப்பாவின் ஓரத்தைக் கிழித்து எழுதினேன். அது அகலம் குறைவான அட்டை.

பத்தாம் தேதி காலை ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்பதால் நான் கேரேஜைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் டிரம் நிரப்பிவிட்டுத் திரும்பினேன். டிரே இருந்தது, அதில் கறுப்பு ஆயில் இருந்தது, வண்டி இல்லை. டயர் மிதித்துப் போன ஆயில் தடத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். சயான் சிக்னலுக்குச் சற்று முன்னால் வண்டி நின்றுகொண்டிருந்தது, பக்கத்தில் பாகீரதி அம்மாளின் தங்கை மகன் ஆதர்ஷ், வயது இருபத்து நான்கு, நின்றிருந்தார். பெரியம்மாவுக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று, பெரியம்மா வீட்டிலிருந்த இரண்டாவது சாவியால் வண்டியை எடுத்திருக்கிறார். அப்படி ஒரு சாவி இருப்பதே எனக்குத் தெரியாது. எஞ்சின் பூட்டிக்கொண்டது போல இறுகியிருந்தது.

"என்ன தம்பி, போர்டை பாக்கலையா நீங்க? இப்படி பண்ணிட்டீயளே" என்று கேட்டேன்.

"படிச்சுட்டுதான் ஆன்ட்டி எடுத்தேன், கசம் சே, சத்தியமா. ஸ்டார்ட் செய்னுதானே எழுதியிருந்தது" என்றார்.

பொய் சொல்கிறார் என்று நினைத்து நான் சத்தம் போட்டேன், அவரும் போட்டார், கூட்டம் கூடியது. அதன் பிறகு போலீஸ் வந்து வண்டியை இந்த ஸ்டேஷன் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாகீரதி அம்மாள் வந்து, ஆயில் ஊற்றாமலே ஸ்டார்ட் செய்யச் சொல்லி எழுதி வைத்து எஞ்சினைக் கெடுத்துவிட்டேன் என்று புகார் எழுதிக் கொடுத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது. அன்று சாயங்காலமே கேரேஜ் இடத்தின் சொந்தக்காரர் பைசான் வந்து, "கேஸ் ரஹேகா தோ ஜகா காலி கர்னா படேகா, பெஹன்" என்று, கேஸ் இருந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் எனச் சொல்லிவிட்டுப் போனார். பதினாறு வருடமாக நான் வேலை செய்யும் இடம் அது.

கேஸ் முடியும் வரை வண்டியைத் தொடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் எஞ்சின் இன்னும் இறுகும் என்று நான் கெஞ்சிய பிறகு, ஹவல்தார் கூட நிற்க அனுமதி கொடுத்தார். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, உள்ளே இறுகியது இளகட்டும் என்று ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் கொஞ்சம் ஆயில் விட்டேன். மூன்று நாளும் காலையில் வந்து அப்படியே செய்தேன்.

இன்று பதிமூன்றாம் தேதி இரு தரப்பையும் அழைத்திருந்தார்கள். வண்டிக்குள் கிடைத்த என் அட்டையை இன்ஸ்பெக்டர் ஆதர்ஷிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவர் மும்பையில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். "ஆயில் இறக்கியாச்சு" என்று முதல் வரியை வாசித்தார். அப்படியென்றால் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "ஆத்துல சாம்பார் இறக்கியாச்சுன்னா ரெடின்னுதானே அர்த்தம்?" என்றார். எங்கள் கேரேஜில் இறக்கியாச்சு என்றால் உள்ளே ஒரு சொட்டு இல்லை என்று அர்த்தம். அதன் பிறகு இரண்டாவது வரியை "ஸ்டார்ட் செய்" என்று வாசித்து நிறுத்திவிட்டார்.

"கீழயும் இருக்கு, வாசிங்க" என்றேன்.

"யாதே" என்று வாசித்தார். "அது சைன்தானே? யாதேன்னு ஒரு மராத்தி மெக்கானிக் எழுதியிருக்கார்னு நினைச்சேன்."

எழுதிக்கொண்டிருந்த ஹவல்தார் சிரித்துவிட்டார். இதை எழுத வேண்டாம் என்கிறார், எழுதியே ஆக வேண்டும் என்று நான் சொன்னேன். அட்டையில் இடம் இல்லாததால் 'செய்யாதே' என்ற சொல்லை உடைத்துப் பாதியைக் கீழே எழுதியது நான்தான். தப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

பாகீரதி அம்மாள் அட்டையை வாங்கி இரண்டு முறை வாசித்தார். அதன் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "எஞ்சின் பிழைக்குமாடி?" என்று கேட்டார். பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவரையே டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, சக்கரத்தோடு எஞ்சினும் சுற்றட்டும் என்று நாலாவது கியரில் போடச் சொல்லி, இரண்டு கான்ஸ்டபிள், ஆதர்ஷ், நான் என நான்கு பேர் தள்ளினோம். முதல் தடவை அசையவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, வண்டி மெதுவாக நகர்ந்தது, எஞ்சின் சுற்றியது. நான் அழுதேன். அதையும் எழுதச் சொன்னேன்.

அடிப்பாகத்தைக் கழற்றி பேரிங்குகளைப் பார்க்க வேண்டும், கீறல் இருந்தால் மாற்ற வேண்டும், அதற்கு இரண்டு வாரம் ஆகும். வருகிற ஞாயிறு முடியாது, அடுத்த மாதத்து முதல் ஞாயிறு செம்பூர் போகலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். "கேஸ் ஓடி நேக்கு என்ன ஆகப்போறது? வண்டி ஓடட்டும்" என்று சொல்லி, புகாரைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுதிக் கொடுத்தார். அதன் நகல் ஒன்று பைசானுக்குக் காட்ட எனக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளது முழுவதையும் ஆதர்ஷை விட்டு எழுத்துக் கூட்டி வாசிக்க வைத்தேன், முக்கால் மணி நேரம் ஆனது. நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்த வரியின் கடைசியிலும் சொல் உடையவில்லை என்று பார்த்த பிறகே பேனாவை வாங்கினேன். இதற்குக் கீழே இருப்பது எந்தச் சொல்லின் மிச்சமும் அல்ல, என் பெயர்.

மாரிசெல்வி