அமாவாசையிலும் மிதித்த கால்

மனநல மருத்துவரைப் பார்க்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அக்காவும், நடுவயதுத் தம்பியும். தம்பி நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார்.

“அமாவாசைக்குக்கூட தறியில உக்காந்துக்கினு இருந்தியேப்பா. எந்த நெசவுக்காரன் அன்னிக்கு தறியத் தொடுவான்?”

“நெய்யறதுக்கு உக்காரலக்கா. தறி மிதிகட்டைய மிதிச்சிக்கினே இருந்தாதான் காலு கொஞ்சம் அடங்குது. எறங்கினா உள்ளுக்குள்ள பரபரன்னு வருது. சாப்பிடக்கூட உக்கார முடியல.”

“எப்பலேர்ந்து?”

“புது மாத்திரை குடுத்ததுலேர்ந்து. அதான் நாலு நாளா முழுங்காம துப்பிடறேன்.”

“அய்யோ, நிறுத்தினா காதுல கேக்கற அந்தக் குரலெல்லாம் திரும்ப வருமேப்பா!”

“நேத்தே வந்துடுச்சிக்கா.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. நான் கேட்காதவன்போல் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டாக்டராண்ட சொன்னா அளவக் கொறைப்பாங்க, இல்ல வேற மாத்திரை குடுப்பாங்க. போன தடவையே ஏன் சொல்லல?”

“எப்படி இருக்குதுன்னு அவரு என்னத்தான் கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ சொல்லிட்ட.”

“நான் இன்னா சொன்னேன்?”

“மாத்திரை நல்லா வேலை செய்யுது சார், இப்பல்லாம் தறிய விட்டு எறங்கவே மாட்டேங்கறான்னு சொன்ன. சிரிச்சிக்கினே சொன்னக்கா.”

உள்ளேயிருந்து தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனார்.