தேக்கு காயும் வரை

எழுந்திருக்க வேண்டாம் சார், தாராளமாக உட்காருங்கள். அந்த நாற்காலி காய்ந்துவிட்டது. எண்ணெய் காயாததில் உட்கார்ந்தால்தான் உங்கள் சட்டையில் ஒட்டும், மரத்திலும் தடம் விழும். கை வைக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். வருஷக்கணக்காக மழையிலும் வெயிலிலும் தோட்டத்தில் கிடக்கிற மரம் என்று யாராவது சொல்வார்களா?

எல்லாம் என் கணவருடைய ஏற்பாடு. கல்யாணமான புதிதில் ஒரு பெஞ்ச், இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, எல்லாவற்றையும் நல்ல தேக்கில் சொல்லிச் செய்து தோட்டத்தில் போட்டார். கல்லானாலும் கணவன் என்பார்கள். எனக்கு வாய்த்தவர் மரத்தைக் கட்டிக்கொண்டவர். மற்ற வீடுகளில் நாற்காலி உட்காருவதற்கு, எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சாய்ந்தால் கறை. டம்ளரை வைத்தால் வட்டம். இரும்பு நாரால் தேய்த்தால் தூள் மரத்தில் ஏறித் துருப்பிடிக்கும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் மட்டும், அதுவும் மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்க்க வேண்டும். கழுவி முடித்ததும் மந்திரம் மாதிரி மூன்று வார்த்தை சொல்வார்: "தொடாதே, மூடாதே, நகர்த்தாதே." மரம் தானாகக் காய வேண்டும். ஈரத்தின்மேல் எண்ணெய் பூசினால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். அவர் சொன்னதில் தப்பே கிடையாது சார், இன்றைக்கும் சொல்வேன்.

எங்களுக்கு ஒரே மகள். சின்னப் பெண்ணாக இருந்தபோது, புதிதாக எண்ணெய் பூசிய பெஞ்சில் தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் கவுனின் நெசவு அப்படியே மரத்தில் பதிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கை ஓங்குகிற மனிதரும் இல்லை. தேய்த்து, மறுபடி பூசினார். "இது காயிற வரைக்கும் நீ இங்கேயே நில்லு. அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்" என்று பெஞ்சுக்குப் பக்கத்தில் வெயிலில் நிறுத்தினார். என்னிடம், "ஏய், கதவைத் திறக்காதே. தண்ணி கிண்ணி கொடுத்தா அதையும் பெஞ்சு மேலதான் கொட்டும்" என்றார்.

நான் திறக்கவில்லை. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மயங்கி விழும்போதுகூட அவள் பெஞ்சில் சாயாமல் புல்மேல்தான் விழுந்தாள். அவ்வளவு பயம். காய்ச்சலில் படுத்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, நீ எங்கே இருந்தே?" நான், "வேலையா இருந்தேன்டா கண்ணு" என்றேன்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்கு இந்தத் தோட்டம் கிடைத்தது. மகள் வளர்ந்தாள், வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். பேத்தி பிறந்ததைப் போனில் சொன்னாள். போனதிலிருந்து ஒரு தடவைகூட இந்த வாசல்படி மிதித்ததில்லை.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. நான் குறை வைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கேளுங்கள், "கண்ணுக்குள்ள வெச்சுப் பாக்கறீங்கக்கா" என்று அவளே சொல்வாள். காலை வெயில் கொஞ்சம் படட்டும் என்று டாக்டர் சொன்னதால், உதவிக்கு வரும் பெண்ணும் நானும் அவரைத் தாங்கிப் பிடித்து தினமும் இந்த நாற்காலியில் உட்காரவைப்போம். மேலே பெரிய குடை, மேஜையில் தண்ணீர்க் குவளை, இடது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு மணி. வெயில் ஏறுவதற்குள் இரண்டு பேருமாக உள்ளே கொண்டுபோய்விடுவோம்.

அன்றைக்கு அவரை உட்காரவைத்துவிட்டு வந்தபோது மகள் போன் பண்ணினாள். அடுத்த வாரம் குழந்தையோடு வருகிறாளாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிவந்து அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பெஞ்சையே பார்த்தார். பிறகு, "பெஞ்ச... உள்ள போடு. பாப்பா... தொடக் கூடாது" என்றார்.

"சரிங்க" என்றேன். கோபமெல்லாம் இல்லை சார். வீட்டுக்கு ஆள் வருகிறார்களே, எல்லாவற்றையும் கழுவிவைப்போம் என்றுதான் தோன்றியது. பெஞ்சைக் கழுவினேன். மேஜையைக் கழுவினேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையும், கால், கை, முதுகு என்று அவரைச் சுற்றியே கழுவினேன். நிழல் விழுந்தால் மரம் சீக்கிரம் காயாது, அதனால் குடையை மடக்கினேன். குவளை ஈர மேஜையில் வட்டம் போடும், எடுத்தேன். மணி இரும்பு, துருக்கறை பிடிக்கும், அதையும் எடுத்தேன். உதவிப் பெண்ணிடம், "இன்னிக்கு நான் பாத்துக்கறேன், நீ வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். தொடாதே, மூடாதே, நகர்த்தாதே. நான் புதிதாக எதையும் செய்யவில்லை.

அவர் கூப்பிட்டார். எப்போதும் "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் தண்ணீர் கேட்டார், அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மரம் சாயங்காலத்துக்குள் நன்றாகக் காய்ந்துவிட்டது. அவர் அதற்கு முன்பே அடங்கிவிட்டார்.

தையல்காரம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எத்தனை நாள் தூக்கம் கெட்டீங்களோ, பாவம், கண்ணசந்துட்டீங்க" என்றாள். நானும் தலையாட்டினேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனீர்கள். மடக்கிவைத்த குடையை ஒருவரும் கவனிக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் காரியம் அத்தோடு முடிந்திருக்கும்.

மகளுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். "இனிமே பயமில்லடா கண்ணு, பாப்பா எங்க வேணும்னாலும் உட்காரலாம்" என்றேன். அவள் அழவில்லை. அப்பா எங்கே இருந்தார், எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார் என்று விசாரித்தாள். பிறகு, "அம்மா, நீ எங்கே இருந்தே?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். அப்புறம் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. காரியத்துக்கும் வரவில்லை.

அதனால்தான் உங்களை வரச்சொன்னேன். நீங்கள் கூப்பிட்டால் எடுப்பாள். அம்மா தூங்கவில்லை, வேலையாகவும் இல்லை, தெரிந்தேதான் செய்தாள் என்று சொல்லுங்கள். அதே சமையலறை ஜன்னலில் நின்று, அவர் தலை சாய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் வெயிலில் நின்ற அன்றைக்குப் பயந்து நின்றேன், இந்தத் தடவை அவளுக்காக நின்றேன். அந்த வித்தியாசம் அவளுக்குப் புரியாமல் போகாது.

நீங்கள் என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள், வருகிறேன். பெஞ்சுக்கு மட்டும் ஒரு பூச்சு பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிடுகிறேன். பேத்தி வந்து ஆசையாக உட்காரட்டும். ஆனால் ஒன்று, மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள் சார். எண்ணெய் காயும் வரை குழந்தை அதைத் தொடக் கூடாது.