வெந்துபோன புல்

அமாவாசைக் கூட்டம். செஞ்சி பஸ் நிலையத்தில் மேல்மலையனூர் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றேன். கோட்டைமலைப் பாறை அனலாய்க் கொதித்தது. எனக்கு முன்னால் நின்றவர் மெட்ராஸில் கோல்ஃப் மைதானத்துத் தோட்டக்காரராம். தன் மச்சானிடம் சொன்னார்: "புல்லை வேக வெச்சிட்டேன் மச்சான்."

"இன்னா சொல்ற?"

"கத்திரி வெயில்ல புல்லு வாடிச்சி. நாத்தங்காலுக்குக் கட்ற மாதிரி உச்சி வேளையில தண்ணி கட்டி நிறுத்திட்டேன். தேங்கின தண்ணி சூடேறி, அத்தனையும் வெந்து பழுப்பாயிடுச்சி."

"மேனேஜர் திட்டினாரா?"

"இல்ல. 'ஊர்ல பயிர் வெச்சவன்தானே நீ?'ன்னு மெதுவாக் கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்த பிறகுதான் பதில் சொன்னார்.

"ஆமான்னா, கத்துக் குடுத்த நைனாவுக்குத்தானே கெட்ட பேரு? இல்லன்னுட்டேன் மச்சான்."